ஊர்க் காரியங்களை ஆய்வு செய்ய ஒரு வட்டம்: கொங்குப் பகுதிக் கல்லூரிகளுக்கான வழிகாட்டி

கிராம சபை, வார்டுக் குழு, குளம், குப்பை, ரேஷன், பேருந்து. இப்படி ஊர்ப் பொதுக் காரியங்களை மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து ஆய்வு செய்யும் ஒரு குழுவை உங்கள் கல்லூரியிலோ பல்கலைக்கழகத் துறையிலோ தொடங்க நினைக்கிறீர்களா? ஆர்வத்துக்குப் பஞ்சம் இருக்காது. முதல் கூட்டத்திலேயே நிறையப் பேர் கை தூக்குவார்கள். அப்புறம் கடிதம் எந்த மேசையில் நிற்கிறது, யார் கையெழுத்து வேண்டும், ஊராட்சியில் யாரைப் பார்ப்பது, பஸ் காசு யார் தருவது என்கிற இடங்களில் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள்.

கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்துகொண்டு இப்படி ஒரு வட்டத்தை ஓட்டுவதற்கு அலைந்தவன் நான். எது முதலில், எது அப்புறம் என்று சொல்லித்தர அப்போது யாரும் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன். பெரும்பாலோர் பெயர், லோகோ, தொடக்க விழா, சங்கப் பதிவு, பணம், கடைசியில் கேள்வி என்று போகிறார்கள். நான் சொல்லப்போவது ஏறக்குறைய அதற்குத் தலைகீழ். வரிசை மாறினால் ஒரு கல்வியாண்டு அப்படியே போய்விடும்.

1. முதலில் ஒரே ஒரு கேள்வி

‘குடிமைப் பங்கேற்பு’ என்று மட்டும் எழுதிக்கொண்டு போனால் துறைத்தலைவர் “நல்லதுப்பா” என்பார், ஊராட்சிச் செயலர் “நல்லதுங்க” என்பார், அத்தோடு சரி. யாருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. ஒரு ஊர், ஒரு காரியம், ஒரு கேள்வி என்று சுருக்குங்கள்.

எடுத்துக்காட்டுக்கு, அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. பவானியின் உபரி நீரை, காளிங்கராயன் அணைக்கட்டின் கீழ்ப்புறத்திலிருந்து குழாய் வழியாக ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகும் திட்டம். ‘திட்டத்தின் சமூகத் தாக்கம்’ என்று எடுத்தால் முழிபிதுங்கும். ‘எங்கள் ஒன்றியத்தில் குழாய் வந்த குட்டைகளில் தண்ணீர் வந்த நாளை யார் எழுதிவைக்கிறார்கள், வராத குட்டைக்காரர்கள் யாரிடம் போய்ச் சொல்கிறார்கள்’ என்று எடுத்தால் ஒரு செமஸ்டரில் முடியும். ஊர்க்காரரும் ஆர்வமாகப் பேசுவார்.

இன்னும் சில. சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள் கிராம சபைக்கு வருகிறார்களா? ஷிஃப்ட் நேரம் எப்படி, கூட்ட நேரம் எப்படி? மாநகராட்சிப் பகுதி சபையில் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம்) பெண்கள் எழுப்பிய கோரிக்கை அடுத்த கூட்டத்தின் குறிப்பில் எங்காவது தெரிகிறதா? ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. திருப்பூரில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் குடும்பங்களுக்கு அதை யார் சொல்லித் தெரிகிறது?

கேள்வி சரிதானா என்று பார்க்க மூன்று சோதனை. அதைப் பற்றி ஏதாவது ஓர் அலுவலகத்தில் பதிவேடு இருக்க வேண்டும். பதில் வந்தால் ஊரில் ஒருவராவது அதை வாங்கிப் படிக்கக் காத்திருக்க வேண்டும். கல்லூரியிலிருந்து பஸ்ஸில் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடக் கூடிய தொலைவாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் வேறு கேள்வி பாருங்கள்.

எச்சரிக்கை: ‘நொய்யல்’ என்பதை முதல் ஆய்வாக எடுக்காதீர்கள். எல்லாருக்கும் அதுதான் முதலில் தோன்றும். வெள்ளியங்கிரி அடிவாரத்திலிருந்து கோவை, திருப்பூர் வழியாகக் கரூர் மாவட்டத்தில் காவிரியைச் சேரும்வரை அது எத்தனையோ அலுவலகங்களின் எல்லையைக் கடக்கிறது. தண்ணீர்ப் பரிசோதனைக்குப் பணம் வேண்டும். வழக்குகளின் சிக்கல் வேறு. கோவையின் சிங்காநல்லூர் குளத்தையோ உக்கடம் பெரிய குளத்தையோ மட்டும் எடுங்கள். அதிலும் கரையில் குப்பை கொட்டுவதைப் பற்றி மக்கள் எங்கே புகார் செய்கிறார்கள் என்பதை மட்டும். நொய்யல் பின்னால் தானாக வரும்.

2. ஐந்து முதல் ஏழு பேர்

வாட்ஸப் குழுவில் நூறு பேர் இருப்பார்கள். வேலை செய்யப்போவது ஐந்து பேர். அந்த ஐந்து பேரைத் தேர்ந்தெடுப்பதில் கவனமாக இருங்கள்.

ஒருவர் நிரந்தரப் பணியில் இருக்கும் ஆசிரியராக இருந்தே ஆக வேண்டும். கௌரவ விரிவுரையாளர், ஆய்வு மாணவர், திட்ட உதவியாளர் ஆகியோரின் கையெழுத்துக்கு அலுவலகத்தில் மதிப்பு குறைவு. எங்கள் கடிதங்கள் உள்ளடக்கம் சரியாக இருந்தும் இந்த ஒரே காரணத்துக்காகத் திரும்பி வந்திருக்கின்றன. நியாயமா என்றால் இல்லை. ஆனால் அப்படித்தான். அந்த ஆசிரியர் களத்துக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, கையெழுத்துப் போட அஞ்சாதவராக இருந்தால் போதும்.

மாணவர்களில் முதுகலை முதலாண்டுக்காரர்களைப் பிடியுங்கள். இரண்டாமாண்டு மாணவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஜனவரிக்குப் பிறகு புராஜெக்ட், வைவா, வேலை என்று போய்விடுவார். துறைகளும் கலந்திருக்கட்டும். சமூகப்பணி மாணவருக்குப் பேசத் தெரியும், புள்ளியியல் மாணவருக்குக் கணக்குத் தெரியும், தமிழ் மாணவர் கேள்வித்தாளை மனிதர் பேசும் மொழியில் எழுதித் தருவார். இந்தக் கடைசி ஆளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘தங்கள் குடியிருப்புப் பகுதியின் உள்ளாட்சிச் செயல்பாடுகளில் தங்கள் ஈடுபாட்டின் அளவு யாது’ என்று தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருக்கும் அக்காவிடம் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

கல்லூரிக்கு வெளியே ஒருவர் வேண்டும். ஓய்வுபெற்ற விஏஓ, பால் சொசைட்டிச் செயலாளர், மகளிர் குழுத் தலைவி, யாராக இருந்தாலும் சரி. எந்தப் பதிவேடு எந்த அலமாரியில் இருக்கும் என்று இவர்களுக்குத்தான் தெரியும்.

3. கல்லூரிக்குள் அனுமதி

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. இணைப்புப் பெற்ற கல்லூரி என்றால் துறைத்தலைவர் வழியாக முதல்வருக்கு. பாரதியார், பெரியார் போன்ற பல்கலைக்கழகங்களின் துறை என்றால் துறைத்தலைவர் வழியாகப் பதிவாளருக்கு. ‘வழியாக’ என்ற சொல்லைக் கடிதத்திலேயே போட்டு, துறைத்தலைவர் பரிந்துரை எழுத இடம் விட்டு வையுங்கள். இல்லாவிட்டால் அதற்காகவே திரும்பி வரும்.

இணைக்க வேண்டியவை:
• ஆய்வுக் கேள்வி, இடம், காலம் அடங்கிய ஒரு பக்கக் குறிப்பு
• பொறுப்பாசிரியரின் சம்மதக் கடிதம்
• உறுப்பினர் பட்டியல், மாணவர்களுக்குப் பதிவு எண்ணோடு
• ‘கல்லூரிக்குச் செலவு எதுவும் இல்லை’ என்ற ஒரு வரி, உண்மையாக இருந்தால்
• மாணவர்கள் வெளியே போகும் நாள்களின் பட்டியல், உடன் போகும் ஆசிரியர் பெயர்
• களத்துக்குப் போகும் மாணவர்களின் பெற்றோர் ஒப்புதல். மாணவியர் இருந்தால் இதை முதலில் கேட்பார்கள்

கொடுக்கும்போது இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் தபால் பிரிவின் முத்திரையும் வரவு எண்ணும் வாங்குங்கள். வரவு எண் இல்லாத கடிதம் கொடுக்காத கடிதத்துக்குச் சமம். இரண்டு வாரம் கழித்து அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் தேடுவார்கள். “குடுத்தேனுங்க சார்” என்று மட்டும் சொன்னால் “அப்படியா” என்பார்கள்.

நேரம் முக்கியம். ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரம்தான் நல்ல காலம். நவம்பரிலும் ஏப்ரலிலும் தேர்வு வேலையில் எந்தக் கோப்பும் நகராது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பீடு நடக்கிற ஆண்டு என்றால் இன்னும் சீக்கிரம் கொடுங்கள். அந்த ஆண்டு உங்களுக்கு ஒரு வசதியும் உண்டு: சமூக ஈடுபாடு என்ற தலைப்பில் காட்ட ஏதாவது வேண்டும் என்று நிர்வாகமே தேடிக்கொண்டிருக்கும்.

பெயரில் ஒரு சின்ன விஷயம். ‘இயக்கம்’, ‘முன்னணி’, ‘சங்கம்’ என்று எதையும் போடாதீர்கள். மேசைக்கு மேசை சந்தேகம் கிளம்பும். ‘ஆய்வு வட்டம்’ என்றால் யாரும் பயப்படுவதில்லை. அதேபோல, தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் மாதங்களில் மக்களிடம் கேள்வித்தாளோடு போவதற்கு யாரும் அனுமதி தர மாட்டார்கள். தேர்தல் கணிப்பு எடுக்க வந்தவர்கள் என்று ஊரும் நினைக்கும். அந்த மாதங்களைப் பதிவேடு படிக்கவும் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

4. அறநெறிக் குழு ஒப்புதல்

மனிதர்களிடம் தகவல் வாங்கும் எந்த ஆய்வும் அறநெறிக் குழுவின் (ஆய்வில் பங்கேற்பவருக்குத் தீங்கு வராமல் பார்க்கும் குழு) முன் போவது நல்லது. பின்னால் கட்டுரை அனுப்பும்போது பத்திரிகைகள் ஒப்புதல் எண் கேட்கும். களம் முடிந்த பிறகு பழைய தேதியிட்டு யாரும் தர மாட்டார்கள், தரவும் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் மருத்துவ, சுகாதார ஆய்வுகளுக்கானவை என்றாலும் சமூக, நடத்தை ஆய்வுகளையும் பேசுகின்றன. குழுவில் 7 முதல் 15 உறுப்பினர்கள் இருக்கலாம் என்கின்றன. கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் இப்படி ஒரு குழு இருக்காது. பக்கத்து நிறுவனத்தின் குழுவை ஒப்பந்தம் செய்துகொண்டு பயன்படுத்தலாம். அதற்கான கடிதம் முதல்வர் கையெழுத்தில் போக வேண்டும். சில இடங்களில் கட்டணம் உண்டு. மாணவர் ஆய்வு என்று சொல்லித் தள்ளுபடி கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.

குழு தேவைப்படும்போது மட்டும் கூடும். அடுத்த கூட்டம் எப்போது என்று முதலில் கேட்டுக்கொண்டு, அதற்கு முன் எல்லாத் தாளையும் கொடுங்கள்: ஆய்வுத் திட்டம், தமிழ்க் கேள்வித்தாள், தகவல் தாள், ஒப்புதல் படிவம். ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்தால் தமிழ்ப் பிரதி கேட்டுத் திருப்புவார்கள். திருப்பூர்த் தொழிலாளர்களிடம் போகிறீர்கள் என்றால் இந்தியிலும் ஒடியாவிலும் தயாராக இருங்கள். குறைந்தது வாசித்துக் காட்ட ஒரு ஆளாவது வேண்டும்.

எதைக் கேட்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆதார் எண் வாங்காதீர்கள். எந்த ஆய்வுக்கும் அது தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை. 18 வயதுக்குக் கீழ் இருப்பவரிடம் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எதுவும் வாங்காதீர்கள். போட்டோவுக்குத் தனிச் சம்மதம் வாங்குங்கள். கையெழுத்துப் போடப் பலர் தயங்குவார்கள், ‘எதுக்குங்க, பத்திரமா எழுதி வாங்கறீங்க’ என்பார்கள். வாய்மொழிச் சம்மதத்துக்கும் வழி வைத்து அறநெறிக் குழுவிடம் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

5. ஊருக்குள் யாரிடம் சொல்வது

ஊராட்சி என்றால் தலைவருக்கும் செயலருக்கும் கடிதம், நகல் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (பிடிஓ). கோவை, திருப்பூர், ஈரோடு உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. தேர்தல் நடந்து புதியவர் வரும்வரை அரசு நியமிக்கும் தனி அலுவலர்தான். அந்த நிலை என்றால் கடிதம் நேரே பிடிஓ அலுவலகத்துக்கு. பழைய தலைவரையும் ஒரு மரியாதைக்குப் போய்ப் பாருங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் ஊரில் பாதி வாய் திறக்காது.

மாநகராட்சி என்றால் ஆணையருக்குக் கடிதம், நகல் மண்டல அலுவலகத்துக்கு. கோவையில் 100 வார்டு, ஐந்து மண்டலம். எந்த வார்டு எந்த மண்டலம் என்று பார்த்துவிட்டுப் போங்கள். அரசுப் பள்ளிக்குள் போக முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வேண்டும். தலைமையாசிரியர் நல்லவராக இருந்தாலும் அவரால் மட்டும் முடியாது. ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்குள் இருக்கும் பழங்குடி ஊர்களுக்கு வனத்துறை அனுமதி தனி, மாதக்கணக்கில் ஆகும். முதல் ஆண்டில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கலெக்டரிடம் போக வேண்டுமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் வேண்டாம். திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் போய் மனுக் கொடுத்தால் அது மனுவாகவே பதிவாகி, கீழே இறங்கி, கடைசியில் அதே பிடிஓவிடம் வரும்.

6. எங்கே உட்கார்ந்து பேசுகிறீர்கள்

இதை நிதானமாகப் படியுங்கள். ஆய்வு கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஊரில் உங்களுக்கு முதலில் உதவ முன்வருபவர் பெரும்பாலும் வசதியான தோட்டக்காரராக இருப்பார். “நம்மூட்டுத் திண்ணையிலயே உக்காந்து எல்லாத்தையும் கூப்புட்டுப் பேசுங்க கண்ணு, காப்பி சாப்புடுங்க” என்பார். அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் அங்கே உட்கார்ந்தால் காலனியிலிருந்து (பட்டியல் சாதியினர் குடியிருப்பு) ஒருவரும் வர மாட்டார்கள். வந்தாலும் நின்றுகொண்டு ‘ஆமாங்க’ மட்டும் சொல்வார்கள். கோயில் மண்டபமும் அப்படியே. ஊராட்சி அலுவலகம், அங்கன்வாடித் திண்ணை, நூலகம், பள்ளி மரத்தடி, இவைதான் சரி. அதிலும் காலனிக்குள் தனியாக ஒரு நாள் போய் உட்காருங்கள், அதுவும் முதல் நாளே. கடைசி நாளுக்குத் தள்ளினால் உங்களை ஏற்கெனவே ஒரு பக்கத்து ஆள் என்று முடிவுகட்டியிருப்பார்கள்.

உங்கள் மாணவர்களிடம் ‘எந்த ஊருங்க, யாரூட்டுப் பையன்?’ என்று கேட்பார்கள். சாதி தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கேள்வி. கல்லூரிப் பெயரையும் துறையையும் சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகப் பழக்குங்கள். பொய் சொல்லச் சொல்லாதீர்கள். காலனியைச் சேர்ந்த மாணவரைத் தனியே எந்த வீட்டுக்கும் அனுப்பாதீர்கள், இரண்டு பேராகவே போகட்டும். உங்கள் கேள்வித்தாளில் சாதிக் கேள்வி தேவைப்பட்டால் கடைசியில் வையுங்கள். முதலில் வைத்தால் மீதிப் பதில் எல்லாம் அதற்கேற்ப மாறும்.

இன்னொன்று வீடுகளின் அமைப்பு. கொங்குப் பகுதியில் நிறையக் குடும்பங்கள் ஊருக்குள் இல்லை, அவரவர் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், இருக்கிறார்கள். தெருத்தெருவாக ஐந்தாவது வீடு, பத்தாவது வீடு என்று எடுத்தால் அவர்கள் முழுக்க விட்டுப்போவார்கள். வாக்காளர் பட்டியலைப் பாகம் வாரியாக எடுத்து அதிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள். நாய்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வேலிக்கு வெளியே நின்று குரல் கொடுங்கள்.

நேரம். காலையிலும் மாலையிலும் பால் ஊற்றுகிற நேரத்தில் பால் சொசைட்டியில் பாதி ஊரைப் பார்க்கலாம். அறிமுகத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. பேட்டி எடுக்க வேண்டாம், முகம் காட்டினால் போதும். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள், ஞாயிறு விடுமுறை. ஞாயிறு காலை துணி துவைத்து முடித்த பிறகு அறைகளுக்குப் போங்கள். பனியன் கம்பெனிக்குள் போய் முதலாளி முன்னால் தொழிலாளியிடம் கேள்வி கேட்காதீர்கள், அது ஆய்வே ஆகாது.

தவிர்க்க வேண்டிய காலம்: தீபாவளிக்கு முந்தைய போனஸ் வாரங்கள், ஊர் மாரியம்மன் நோன்பு, ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் அறுவடை மும்முரமாக இருக்கும் தை, மாசி. ஆவணியும் முகூர்த்த மாதம்தான் என்றாலும் வார நாள்களில் ஆள் கிடைக்கும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை உங்கள் செமஸ்டருக்கும் ஊருக்கும் ஒத்துவரும்.

7. பதிவேடுகளும் தகவல் உரிமைச் சட்டமும்

முதலில் நேரில் கேளுங்கள். தீர்மானப் புத்தகம், கிராம சபை வருகைப் பதிவு இரண்டையும் பல செயலர்கள் அங்கேயே உட்கார்ந்து படிக்க விடுவார்கள். விடாவிட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

கட்டணம் 10 ரூபாய். மாநில அரசு அலுவலகங்களுக்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதற்கும் பிறகு 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையம்வரை போனால் உங்கள் செமஸ்டர் மட்டுமல்ல, மாணவரின் படிப்பே முடிந்திருக்கும். அதனால் மனுவை ஜூலையிலேயே போடுங்கள்.

மனு எழுதுவதில் சில விஷயங்கள். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள். விளக்கம் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதிவரை நடந்த கிராம சபைகளின் தீர்மான நகல்’ என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நிறையப் பக்கம் என்றால் நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. வட்டத்தின் பெயரில் மனுப் போடாதீர்கள். சட்டம் குடிமக்களுக்கு உரிமை தருகிறது; அமைப்பின் பெயரில் வந்ததைச் சாக்காக வைத்துத் திருப்ப இடம் கொடுக்க வேண்டாம். உங்கள் பெயர், முகவரி போட்டு அனுப்புங்கள், ஒப்புகைச் சீட்டை ஒட்டி வையுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டால் அவர்களே ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று பிரிவு 6(3) சொல்கிறது. அதை மனுவின் கடைசி வரியில் நினைவூட்டிவிடுங்கள்.

ஒரே ஊராட்சிக்கு ஒரே மாதத்தில் நான்கைந்து மனு அனுப்பினால் செயலர் உங்களைப் பகையாளியாகப் பார்ப்பார். ஒரு மனுவில் முடியுங்கள்.

8. செலவு

ஒரு ஊராட்சி, நூறு வீடு, ஐந்து பேர் குழு. என் கணக்கில் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் முடிக்கலாம். அதில் பெரும்பகுதி சாப்பாடும் பஸ்ஸும். மாணவியருக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் கட்டணம் இல்லை என்பதால் அந்தச் செலவு பாதியாகும். களம் தேர்வு செய்யும்போதே நகரப் பேருந்து போகிற ஊரா என்று பாருங்கள். கேள்வித்தாளை போனில் நிரப்ப கோபோ டூல்பாக்ஸ், வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ், இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. கோபோவின் இலவசக் கணக்குக்கு வரம்பு உண்டு, நூறு வீட்டுக்குத் தாராளம்.

பணம் எங்கே கேட்பது? நாட்டு நலப்பணித் திட்ட (என்எஸ்எஸ்) அலகு இருந்தால் அதோடு சேருங்கள். தொண்டருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டும், உங்கள் களவேலை அதில் சேரும். ஏழு நாள் சிறப்பு முகாமை உங்கள் ஊரிலேயே வைக்கச் சொல்லலாம், தங்குமிடமும் சாப்பாடும் தீர்ந்தது. கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்கும் மத்திய அரசுத் திட்டமான உன்னத் பாரத் அபியானில் உங்கள் கல்லூரி இருந்தால் ஏற்கெனவே ஐந்து கிராமங்களைத் தத்தெடுத்திருக்கும். அதிலொன்றை எடுங்கள், வீட்டுக் கணக்கெடுப்பும் கையில் இருக்கும். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்டப்பணிக்கு நிதி தருகிறது. பெரிய தொகைக்கு இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎஸ்எஸ்ஆர்), ஆனால் அது நிரந்தர ஆசிரியர் பெயரில், இரண்டாம் ஆய்வுக்குப் பிறகு.

மில், சாயப்பட்டறை, கல்குவாரி ஆகியவற்றின் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பணம் எளிதாகக் கிடைக்கும். கேட்கும் கேள்விக்கும் அந்தத் தொழிலுக்கும் கொஞ்சமாவது தொடர்பு இருந்தால் தொடாதீர்கள். 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பகுதி இது. யார் பணத்தில் வந்தீர்கள் என்பதை ஊர் உடனே கண்டுபிடித்துவிடும்.

எந்தப் பணமானாலும் ஒருவருடைய ஜிபேயில் வாங்கிச் செலவழிக்கும் வழக்கம் வேண்டாம். துறைக் கணக்கிலோ என்எஸ்எஸ் கணக்கிலோ வரட்டும். பில் இல்லாத செலவுக்கு அன்றைக்கே வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாங்கிய நிதியை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்கும் நாளில் டீக்கடை ரசீதைத் தேடி அலைவது வேதனை. அது கொடுக்காமல் அடுத்த தவணை வராது.

9. முடிவை முதலில் ஊருக்கு

கட்டுரை எழுதுவதற்கு முன் இரண்டு பக்கத் தமிழ் அறிக்கை ஒன்று போடுங்கள். பெரிய எழுத்து, ஒரு வரைபடம், நான்கு முடிவுகள். யார் பெயரும் அடையாளமும் தெரியக் கூடாது. சின்ன ஊரில் ‘இரண்டு பசு வைத்திருக்கும் கைம்பெண், வடக்கு வீதி’ என்றாலே யார் என்று தெரிந்துவிடும்.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆகஸ்ட், செப்டம்பரில் களம் முடித்தால் நவம்பர் 1 உங்களுக்குப் பொருந்தும். தவறினால் ஜனவரி 26. கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லிச் செயலருக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே எழுத்தில் கொடுங்கள். அன்று போய்க் கேட்டால் ‘பொருள் முடிஞ்சதுங்க’ என்பார்கள். பேசுவதை ஊர்க்காரர் ஒருவரிடம் விடுங்கள். வெளியூர் மாணவர் மைக் பிடித்தால் உடனே ‘யாரு அனுப்புனது’ என்ற கேள்வி வரும்.

பிறகு கட்டுரை. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தான் ஏற்ற ஆய்விதழ்களின் ‘கேர்’ பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டது. ‘கேர் லிஸ்டட்’ என்று சொல்லி இன்னும் பணம் கேட்டு மெயில் வரும், நம்பாதீர்கள். இத்தனை ரூபாய் கட்டினால் மூன்று நாளில் வெளியிடுகிறோம் என்று சொல்லும் எந்த இதழும் உங்களுக்கு வேண்டாம். கேள்வித்தாளையும் அடையாளம் நீக்கிய தரவையும் செனோடோ என்ற இணையச் சேமிப்பகத்தில் ஏற்றினால் காசில்லாமல் டிஓஐ எண் (ஆவணத்துக்கான நிலையான இணைய அடையாளம்) கிடைக்கும். அடுத்து வருபவர் மேற்கோள் காட்ட அதுவே போதும்.

10. பதிவு செய்ய வேண்டுமா?

முதல் இரண்டு ஆண்டு வேண்டாம். கல்லூரிக்குள் ஒரு வட்டமாக இருக்கும்வரை பதிவு தேவையில்லை. பல கல்லூரிகள் சேர்ந்து, வெளி நிதி வாங்கும் நிலை வந்தால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். குறைந்தது ஏழு பேர், சங்க விதிகள், அடையாளச் சான்றுகள், அலுவலக இடத்துக்கு உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். அரசு, உதவிபெறும் கல்லூரி ஆசிரியர்கள் பொறுப்பு ஏற்குமுன் நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி வாங்கிவிடட்டும். பதிந்த பிறகு ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய ஒருவர் வேண்டும். அந்த ஆள் யார் என்று இப்போதே பெயர் சொல்ல முடியாவிட்டால் பதியாதீர்கள்.

11. மார்ச்சில் ஒப்படைப்பு

ஏப்ரலில் தேர்வு, மே மாதம் ஆளே இருக்காது. அதனால் மார்ச் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கி அடுத்த ஆண்டுக்காரர்களிடம் இவற்றை ஒப்படையுங்கள்: வரவு எண் போட்ட கடிதங்களின் கோப்பு, அறநெறி ஒப்புதல், தகவல் உரிமை மனுக்களும் பதில்களும், செலவு வவுச்சர்கள், கோபோ கணக்கின் கடவுச்சொல், ஊரில் யார் யாரைப் பார்த்தீர்கள் என்ற பட்டியல். கடவுச்சொல்லும் மின்னஞ்சலும் மாணவர் ஒருவரின் சொந்தப் பெயரில் இருந்தால் அன்றைக்கே வட்டத்தின் பொது மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். ஊர்ப் பட்டியலை மட்டும் காகிதத்தில் கொடுத்தால் போதாது. புதியவர்கள் இருவரை அழைத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்கும் பால் சொசைட்டிக்கும் ஒருமுறை போய் அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள். பஸ் ரசீதை மறக்காமல் வவுச்சரோடு சேர்த்துவிடுங்கள்.